இங்கே மூச்சு விடக் கூடாது

ராயபுரத்தில் நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. அதன் கதவில் ஒரு நாள் காலையில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. 'இங்கே மூச்சு விடக் கூடாது' என்று பச்சை மையில் கொட்டை எழுத்து. மாட்டியவள் எங்கள் கம்பவுண்டரம்மா.

அவளைக் கேட்டால் அது நியாயமான பேச்சுதான். உள்ளே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருந்தது. வாசலில் நின்று பெருமூச்சு விட்டாலே அதன் முள் ஆடிவிடும் என்பது அவள் கட்சி. ஆனால் அந்தக் கதவுக்கு நேர் எதிரில்தான் இளைப்பு நோயாளிகள் உட்காரும் பெஞ்சு கிடந்தது. ஹார்பரில் மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர், புஸ் புஸ் என்று இரைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்து ஆளைக் கேட்டார். தெரிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மூச்சு வுடறதுக்குத்தான் நைனா இங்க வந்தேன். இங்கியே வுடக் கூடாதுன்னா நான் வூட்டுக்கே போறேன்."

பெரிய டாக்டர் சிரித்துத் தீர்த்துவிட்டுப் பலகையைக் கழற்றச் சொன்னார். அவள் கழற்றினாள். கழற்றி, கதவின் உள்பக்கம் மாட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்த எழுத்தைப் பார்த்துப் பயப்பட எங்களைப் போன்ற நர்ஸுகள்தான் மிச்சம்.

நோயாளிகளுக்கு அவள் கம்பவுண்டரம்மா, எங்களுக்கு அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அண்ணன்மார் வண்ணாரப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்தார்கள். அவர்கள் மூட்டை மூட்டையாக நிறுத்தால், தங்கை தூசி தூசியாக நிறுத்தாள். ஊரெல்லாம் சேர், பலம், தோலா என்று நாட்டு எடையில் பேசிக்கொண்டிருந்த காலம் அது. டாக்டர்கள்கூடப் பழைய பழக்கத்தில் கிரெயின், டிராம் என்று இங்கிலீஷ் எடையில்தான் சீட்டு எழுதுவார்கள். அக்காவுக்கு அந்தக் கணக்கெல்லாம் கலீஜ். மில்லிகிராம் என்று சொல்லும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு களை வரும். கல்யாணப் பேச்சு எடுத்தால்கூட வராத களை.

ஒரு கிராமை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்று மில்லிகிராம் என்பது எனக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததுதான். பரீட்சையோடு மறந்துபோன சமாசாரம். அக்காவோ அதோடு குடித்தனம் நடத்தினாள். அவள் எடைக்கற்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். கல் என்று சொல்லவே வாய் கூசும். நகத்துண்டு மாதிரி தகட்டுச் சில்லுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மூலையை மட்டும் மடக்கியிருக்கும், இடுக்கியால் பிடிப்பதற்கு. கையால் தொட்டால் விரல் வேர்வை ஒட்டிக்கொண்டு எடை கூடிவிடுமாம். கடற்காற்றில் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் ராயபுரத்தில், வேர்வையோடு சண்டைக்கு நின்றவள் அவள் ஒருத்திதான். அந்தப் பழக்கம் முற்றிப்போய், ஒரு நாள் நான் நீட்டிய பிஸ்கட்டையே இடுக்கியால் எடுத்தாள். நாங்கள் சிரித்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள்.

தராசு நின்றது சுவரில் பதித்த கடப்பைக் கல்லின் மேல். மேஜையில் வைத்தால் ஆடுமாம். கல்லில் வைத்தும் ஆடியது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஹார்பர் கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் அக்கா இடுக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றுகொள்வாள். எந்த வண்டி எப்போது வரும் என்பது ஸ்டேஷன் மாஸ்டரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். வண்டி தாமதமானால் அவர்மேல் கோபம் வேறு.

நான் ஒரு முறை அந்த அறையில் தும்மிவிட்டேன். ஜலதோஷம், என்ன செய்ய? தட்டில் இருந்த பொடியெல்லாம் கண்ணாடிக் கதவில் போய் ஒட்டிக்கொண்டது. அரை நாள் வேலை வீண். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கை மட்டும் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாவமன்னிப்புக் கேட்கும்போது எனக்காகவும் சேர்த்துக் கேட்டாளாம். அவளே சொன்னாள்.

இன்னொரு நாள் வார்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள். இடுக்கியில் ஒரு நீளமான தலைமுடி.

"இது உன் முடிதானே?"

"இருக்கும்க்கா. என்ன இப்போ?"

"ரெண்டு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் குறைச்சல். நல்லெண்ணெய் தேய் பிள்ள, முடி வலுவில்லாம இருக்கு."

கொசுவையும் அவள் விடவில்லை. என் முழங்கையில் உட்கார்ந்து வயிறு புடைக்கக் குடித்த கொசு ஒன்றைப் பிடித்தாள். பட்டினியாக இருந்த இன்னொரு கொசுவையும் பிடித்தாள். இரண்டையும் நிறுத்து, கழித்துப் பார்த்து, "உன்கிட்டருந்து ரெண்டு மில்லிகிராம் ரத்தம் எடுத்திருக்கு" என்று சொன்னாள். திருடனைப் பிடித்துவிட்ட போலீஸ்காரர் பெருமை அவள் குரலில். திருட்டுப்போன சொத்து திரும்பக் கிடைக்கவில்லை என்பதை நான் சொல்லவில்லை.

அண்ணன் கடைக்கு ஒரு முறை அவளோடு போனேன். அண்ணன் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். இவள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"எதுக்குட்டி கதவைச் சாத்துதே? வியாபார நேரத்துல?"

"காத்து தட்டை அழுத்துதுண்ணே. எடை தப்பாக் காட்டும்."

"ஏ தாயீ, இது பருப்பு. உன் விஷ மருந்து இல்ல. நான் காத்தையும் சேத்துத்தான் விக்கேன். கதவைத் தொற."

இப்படியெல்லாம் நாங்கள் அவளைக் கிண்டல் செய்து பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தோம். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த நாளில் ரத்தசோகைக்கு ஒரு புது ஊசி மருந்து வந்தது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் ரோஜா நிறத் தண்ணீர். நடக்க முடியாமல் தூக்கி வந்தவர்கள் அந்த ஊசி போட்டுச் சில வாரங்களில் படியேறினார்கள். ஒரு குப்பியில் மருந்து எவ்வளவு என்று பார்த்தால் நூறு மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமையே ஆயிரமாகப் பிரித்து, அதில் நூறு பங்கு. "தூள் உப்புல ஒரு பரலைவிடக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான்" என்றாள் அக்கா. குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். கிண்டல் செய்ய வாய் திறந்த நான் மூடிக்கொண்டேன்.

மைக்ரோகிராமை அவளுடைய தராசே நிறுக்காது. குழந்தைகளுக்கு அவ்வளவு சின்ன அளவில் மருந்து வேண்டியபோது அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். மாத்திரையை நுணுக்கி, பால் சர்க்கரையை நிறுத்துச் சேர்த்து, கல்லுரலில் போட்டு அரைப்பாள். அரைத்துக்கொண்டே இருப்பாள். மருந்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கலந்த பிறகு மொத்தப் பொடியையும் சமமாகப் பங்கு பிரிப்பாள். பொடியை நிறுக்க முடியும், உள்ளே இருக்கும் மருந்தை நிறுக்க முடியாது. ஆனால் பொடியில் பத்தில் ஒரு பங்கை எடுத்தால் மருந்திலும் பத்தில் ஒரு பங்கு வந்தாக வேண்டும். ஒவ்வொரு பங்கையும் வெள்ளைக் காகிதத்தில் வைத்து மடித்துக் கொடுப்பாள். மருந்து தீர்ந்ததும் வெறும் காகிதங்களைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். பொடி மூலையில் ஒட்டிக்கொண்டு வீணாகியிருக்கிறதா என்று பார்க்கவாம். காகிதத்தில்கூடக் கருமித்தனம் என்று வார்டே சிரித்தது.

அந்தக் காகிதம்தான் ஒரு குழந்தையைக் காப்பாற்றியது.

காசிமேட்டில் மீன் விற்கும் பெண் ஒருத்தி, ஆறு மாதப் பெண் குழந்தையைக் கொண்டுவந்திருந்தாள். பிறவியிலேயே இருதயத்தில் கோளாறு. பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வேர்த்து, பாதியில் மூச்சு வாங்கி விட்டுவிடும். டாக்டர் இருதயத்துக்கு வலுவூட்டும் மருந்து எழுதினார். பெரியவர்களுக்கான மாத்திரைதான் எங்களிடம் இருந்தது. அதில் ஒன்றைப் பத்துப் பங்காக்கினால்தான் இந்தக் குழந்தைக்கு ஒரு வேளை. அக்கா ஒரு திங்கட்கிழமை முழுக்க உட்கார்ந்து பொட்டலம் கட்டினாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

ஜன்னலில் வாங்கிய அம்மாக்காரி ஒரு பொட்டலத்தைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, வெறும் காயிதமா கீது?"

"உள்ள இருக்கும்மா. ஒரு மில்லிகிராமை நாப்பது பங்காப் பிரிச்சா, அதுல ஒரு பங்கு. மீதியெல்லாம் பால் சர்க்கரை" என்று அக்கா பொறுமையாகச் சொன்னாள். தனக்குத் தெரிந்த உண்மையை எல்லாம் சொல்லிவிட்ட திருப்தி அவள் முகத்தில். "காயிதத்தைத் திருப்பிக் கொண்டாரணும், மறந்துராதே."

அவள் மறக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை வர வேண்டியவள் வியாழக்கிழமை மத்தியானமே வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை துணிமூட்டை மாதிரி துவண்டு கிடந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடிப்பு கலையாமல் வெறும் காகிதங்களை ஜன்னலில் அடுக்கினாள்.

"எல்லாம் கொண்ணாந்துட்டேன், எண்ணிக்கோ. மருந்து பத்தலம்மா. புள்ள பால் குடிக்காம வாந்தியா எடுத்துகினு கீது. இந்தத் தபா கொஞ்சம் பெர்சா கட்டிக் குடு."

அக்கா காகிதங்களைப் பார்த்தாள். எண்ண வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு வாரக் காகிதம் அத்தனையும் அங்கே கிடந்தது.

"எப்படிக் குடுத்தே?"

"ரெண்டு ரெண்டா கலக்கிக் குட்த்தேன்."

"ஒவ்வொண்ணாத்தானே குடுக்கச் சொன்னேன்!"

"இத்தினூண்டுல இன்னாம்மா ஆவப் போவுது? எறும்புக்குக் கூடப் பத்தாது. நீதான சொன்னே, உள்ள ஒண்ணுமே இல்லன்னு."

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?"

"நாப்பதுல ஒண்ணுன்னியே. அதுக்கு இன்னா அர்த்தம்?"

இடுக்கி அக்கா கையிலிருந்து விழுந்தது. அது விழுந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஜன்னலைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடிவந்து, குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு, டாக்டர் அறைக்கு ஓடினாள். தராசின் பக்கத்தில் கொலுசுச் சத்தம்கூடக் கூடாது என்று நடை பழகியவள், சேலை தடுக்கத் தடுக்க ஓடினாள். நானும் தாயும் பின்னால் ஓடினோம்.

டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். துடிப்பு மிகவும் மெதுவாக இருந்தது. மருந்து கூடிப்போனால் அப்படித்தான் ஆகும். "இனிமேல் ஒரு துளி கொடுக்காதீர்கள். உள்ளே போனது தானாகக் கழிய வேண்டும். பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை" என்றார். பிழைக்கும் என்றோ பிழைக்காது என்றோ அவர் சொல்லவில்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அக்கா உட்கார்ந்துவிட்டாள். ஒரு விரலைக் குழந்தையின் மார்பில் வைத்துக்கொண்டாள். கட்டிலுக்கு மறுபக்கம் தரையில் தாய். எங்கள் எல்லாரையும் மூச்சு விடாதே என்று மிரட்டியவள், அந்தக் குழந்தை அடுத்த மூச்சு விடுகிறதா என்று வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் கூட்ஸ் வண்டி போயிற்று. கட்டிலே அதிர்ந்தது. அவள் திரும்பவில்லை.

தாய்க்கு அழுகை கோபமாக மாறியது. "அம்மாந்தூண்டுதான் ஆளையே சாச்சுடும்னா, மின்னாடியே சொல்றதுக்கு இன்னா உனுக்கு? பத்துல ஒண்ணு, நாப்பதுல ஒண்ணுன்னு கணக்குச் சொல்லிகினு இருந்தே! கணக்கா கேட்டேன் நானு? எம்புள்ளைக்கு இன்னா ஆவும்னு சொன்னியா?"

நான் அக்காவை எழுப்பி வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எடை சரியாத்தான் இருந்துச்சு பிள்ள. ஒரு பொட்டலம்கூடத் தப்பில்ல. நாப்பதுல ஒண்ணே பெரிசுன்னு நெனச்சுச் சொன்னேன். அவளுக்கு ஒண்ணுமில்லன்னு கேட்டிருக்கு. அப்படிக் கேக்கும்னு எனக்குத் தோணவே இல்லியே."

நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை முழுதும் அப்படியே போயிற்று. தாய்க்கு நான் வாங்கிவந்த டீ ஆறிக் கிடந்தது. அதை அக்கா சூடு செய்து திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள். தாய் குடிக்கவில்லை. மறுபடியும் சூடு செய்தாள். மூன்றாவது தடவை தாய் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை அக்கா பக்கம் தள்ளினாள். "நீயும் குடி. ஒண்ணும் துன்னாமகொள்ளாம உக்காந்துகினு கீறே." கைக்குட்டை சுற்றாமல் டம்ளரைத் தொடாத அக்கா, அந்த எச்சில் டம்ளரை வெறுங்கையால் எடுத்துக் குடித்தாள்.

சனிக்கிழமை காலையில் குழந்தை வீறிட்டு அழுதது. பசி அழுகை. மார்பில் வாய் வைத்தபோது விடாமல் குடித்தது. டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். தாய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை.

சில நாள் கழித்து, முன்னைவிடக் குறைத்து மருந்து எழுதினார்கள். அக்கா புதிதாகப் பொட்டலம் கட்டினாள். ஒவ்வொன்றும் கமர்கட்டு மாதிரி தடிமனாக இருந்தது. பால் சர்க்கரையை அள்ளிச் சேர்த்திருந்தாள். தாய் கையில் வாங்கிக் கனம் பார்த்தாள்.

"இப்பத்தான் மருந்து மாரி கீது."

"ஒவ்வொண்ணுதான் குடுக்கணும். ரெண்டு குடுத்தா பிள்ள செத்துப் போகும்" என்றாள் அக்கா. கணக்கு எதுவும் சொல்லவில்லை. தாய் பொட்டலத்தைச் சட்டென்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, முன்னைவிடக் கம்மி மருந்து, முன்னைவிடப் பெரிய பொட்டலம். இது ஏமாத்து வேலை இல்லையா?" என்று நான் சீண்டினேன்.

"மருந்து எடை சரியா இருக்கு. மீதியை அண்ணன்கிட்டப் படிச்சுக்கிட்டேன். காத்தையும் சேத்துக் கட்டியிருக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகு மருந்து ஜன்னலில் அந்த மீன்காரி வைத்ததுதான் சட்டம். "ஏய், ரெண்டா குட்த்துடாதே! அந்தம்மா மருந்து கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஆளைத் தூக்கிடும்!" என்று வரிசையில் நிற்பவர்களை எல்லாம் அதட்டுவாள். அக்காவின் காகிதச் சட்டத்தையும் அவளே எல்லாருக்கும் ஓதினாள்.

மாதம் ஒன்றிரண்டு போயிருக்கும். குழந்தை கன்னம் உப்பி, இடுப்பில் நிற்காமல் துள்ளிக்கொண்டிருந்தது. தாய் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"எம்மோவ், அந்த மருந்தை ஒரு தபா கண்ணுல காட்டேன். சர்க்கரை இல்லாம. எம்புள்ளையைக் கவுத்துப் போட்டது எம்மாம் பெருசுன்னு பாக்கணும்."

அக்கா அந்த அறைக் கதவைத் திறந்து அவளை உள்ளே கூப்பிட்டாள். எங்களுக்கே அனுமதி கேட்டால்தான் கிடைக்கும் அறை. வேடிக்கை பார்க்க நானும் நுழைந்துகொண்டேன்.

விஷத்தை வேடிக்கைக்குத் திறப்பவள் அல்ல அக்கா. அதே எடைக்குப் பால் சர்க்கரையை எடுத்தாள். ஒரு மில்லிகிராமைத் தராசில் நிறுத்து, கறுப்புக் காகிதத்தில் கொட்டி, பிளேடு நுனியால் பிரித்துக்கொண்டே போனாள். பாதி, அதில் பாதி, பிறகு அதிலும் சின்னதாக. கடைசியில் மீதியை ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியைக் காட்டினாள். "இவ்வளவுதான்."

தாய் குனிந்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. கதவின் உள்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொல்லவும் இல்லை. ஆனாலும் முந்தானையால் வாயையும் மூக்கையும் இறுகப் பொத்திக்கொண்டு, மூச்சை அடக்கி, அந்தப் புள்ளியையே பார்த்தாள். அவள் கண் நிறைந்து தளும்பியது. அக்காவும் குனிந்திருந்தாள். அத்தனை வருஷமாக அக்கா பார்த்துப் பார்த்து அதிசயப்பட்டதை, வேறொருத்தி அதே மாதிரி பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போது இடுப்பிலிருந்த குழந்தை தும்மியது.

சும்மா இல்லை, உடம்பு குலுங்க ஒரு தும்மல். புள்ளியும் போயிற்று, ஒதுக்கி வைத்த மீதியும் போயிற்று, கறுப்புக் காகிதமே நழுவித் தரையில் விழுந்தது. கண்ணாடிக்குள் தராசின் முள் ஆடு ஆடு என்று ஆடியது. என் பழைய தும்மல் நினைவுக்கு வந்து நான் கதவோரம் ஒதுங்கினேன். தாய் குழந்தையின் மூக்கைப் பொத்தப் போனாள்.

அக்கா அவள் கையை விலக்கினாள். தன் கன்னத்தில் தெறித்த எச்சிலைத் துடைக்காமல், குழந்தையின் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோனாள்.

"இன்னொண்ணு போடு ராசாத்தி" என்றாள்.